இறக்கத்தில் மாறும் கைப்பிடி

பழைய செய்திக் கத்தரிப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தேன். சென்ற மாதம் மழை தொடங்கியதும், கறையானுக்கு முன்னதாக நானே அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்ற அச்சத்தில் பெட்டியைத் திறந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் திருகோணமலையிலிருந்து பிராந்தியச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் நான் எழுதிய நான்கு வரிச் செய்தி ஒன்று கையில் அகப்பட்டது. குளக்கட்டிலிருந்து இறங்கிய உழவு இயந்திரம் ஒன்று வேகக் கட்டுப்பாட்டை இழந்து குடைசாய்ந்ததில் அதனைச் செலுத்திய இளைஞர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். அவ்வளவுதான். போர்க்காலம், பத்திரிகையில் சாவுக்கு இடம் போதாத நாட்கள். நான்கு வரி கிடைத்ததே பெரிது.

'வேகக் கட்டுப்பாட்டை இழந்து' என்பது எங்கள் தொழிலில் ஆயத்தமாக இருக்கும் ஓர் அச்சு. பேருந்து, லொறி, மோட்டார் சைக்கிள் என்று எது கவிழ்ந்தாலும் அதற்குள் ஊற்றி எடுத்துவிடலாம். அந்த இளைஞர் செலுத்தியது இரு சக்கர உழவு இயந்திரம். நமது பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயரில், லான்ட்மாஸ்டர். தெருவில் உயர்ந்த கியரில் முழுமூச்சாக ஓடினாலும் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில்தான் அதன் வேகம். சைக்கிளில் செல்லும் பள்ளிக்கூடப் பிள்ளை அதனை முந்திச் செல்லும். இதில் எந்த வேகத்தை அவர் இழந்தார்? கலைப்பட்டதாரி நான், வரலாறு படித்தவன். அந்தக் குளம் எந்தக் காலத்தது, யார் பெயரோடு தொடர்புடையது என்றெல்லாம் கேட்டால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். அதன் கட்டிலிருந்து ஓர் இயந்திரம் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் தாமதமாகவேனும் அந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

திருகோணமலையை அறியாதவர்கள், மேடும் பள்ளமும் மலையகத்தின் சங்கதி, கடற்கரை மாவட்டத்துக்கு அதனோடு என்ன தொடர்பு என்று எண்ணக்கூடும். பெயரிலேயே மலையைக் கொண்ட ஊர் இது. துறைமுகத்தைச் சூழ்ந்து நிற்பவை குன்றுகள். அந்தக் குன்றுகள் காற்றை மறைப்பதால்தான் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக அது பேசப்படுகிறது. கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி, உவர்மலையின் தெருக்கள் எல்லாம் ஏற்றங்களே. ஆனால் உழவனுக்கு இவை பொருட்டல்ல. அவனுடைய சரிவுகள் மூன்று. வயலிலிருந்து வரம்பு கடந்து தெருவுக்கு ஏறும் குறுகிய மேடு ஒன்று. குளக்கட்டு மற்றது. மூன்றாவது, ஆற்றையும் கடல்நீரேரியையும் கடக்கும் துறைகளில் 'பாதை' வந்து ஒட்டும் இறங்குதளம். பாதை என்று கிழக்கில் நாங்கள் சொல்வது வாகனங்களை ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகை. வெளியூர் ஆசிரியர் பீடங்கள் இதனை வீதி என்று திருத்தி, செய்தியையே தலைகீழாக்கிய கதைகள் உண்டு. அவற்றைப் பிறகொரு நாள் எழுதலாம்.

குளக்கட்டு என்றால் இங்கே முதலில் கந்தளாய்தான். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு அதனைச் சேர்த்துச் சொல்வர். தமிழ் மரபு கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டனோடு சேர்த்துச் சொல்லும். கட்டின் உயரம் சுமார் 50 அடி, நீளம் 14,000 அடி. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை வெள்ளம் கொண்டுபோனது. துறைமுக வேலைகளுக்குப் பாறைகளை ஏற்றிய கனரக வாகனங்கள் கட்டின்மேல் ஓடியதும் அதன் காரணங்களுள் ஒன்றாக அப்போது பேசப்பட்டது. பெரிய வாகனங்களால் கட்டுக்கு என்ன நேரும் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். கட்டினால் சிறிய வாகனங்களுக்கு என்ன நேரும் என்பது பேச்சில் வரவில்லை.

மண்ணால் ஆன கட்டுகளின் சரிவு பொதுவாக இரண்டுக்கு ஒன்று அல்லது மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். இரண்டடி நகர ஓரடி உயரும் சரிவு ஏறத்தாழ 27 பாகை. மூன்றடிக்கு ஓரடி என்றால் 18 பாகை. வண்டி ஏறுவதற்கென்று வெட்டிய வழிகள் இவற்றைவிடத் தாழ்வானவை. ஆனால் அறுவடைக் காலத்தில் அரைமைல் சுற்றிப் போக விரும்பாத மனிதர் அந்த வழியைத் தேடுவதில்லை.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம். தம்பலகாமத்திலும் கொட்டியாபுரத்திலும் வயலைச் சேறாக்கியது எருமை. மந்தையை வயலில் இறக்கி மிதிக்கவிடுவார்கள். சூடு மிதிப்பதும் மாடுகளே. ஐம்பதுகளில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமுக்கு அருகே ஹக்நோல் என்ற சிற்றூரிலிருந்த லான்ட்மாஸ்டர் நிறுவனத்தின் சிறு இயந்திரம் இலங்கைக்கு வந்தது. அங்கே அது காய்கறித் தோட்டக்காரர்களின் கருவி; ஆள் பின்னால் நடந்து கைப்பிடிகளைப் பிடித்துச் செலுத்துவது. நெற்சேற்றுக்கு ஏற்றபடி அதனை மாற்றியமைத்து இங்கே பரப்பியவர் ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், விமானமோட்டி, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவர். இத்தனையும் ஒரே மனிதர். பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்து 2010 இல் காலமானார்.

இவரைப் பற்றி நான் மதிப்போடு நினைக்கும் செய்தி ஒன்றுண்டு. தாம் பரப்பிய இயந்திரத்தைப் பின்னாளில் தாமே கேள்வி கேட்டார். நாம் இயந்திரமயப்படுத்தியது எருமையைத்தான், வேளாண்மையை அல்ல என்ற கருத்தைப் பல இடங்களிலும் சொன்னார். நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிலையத்தில் உழாமல் பயிரிடும் முறைகளில் பணியாற்றினார். நாடு திரும்பியபின் சரிவு நிலங்களில் சமவுயரக் கோடுகளில் கிளிரிசிடியா வரிசைகளை நட்டு, மண்ணைப் பிடித்துவைத்துப் பயிரிடும் முறைக்காகப் பேசினார். இயந்திரத்தைக் கொண்டுவந்தவரே சரிவில் அதற்கு வேலையில்லை என்ற முடிவுக்கு அருகில் போனார் என்று இதனை நான் வாசிக்கிறேன். அவர் நினைத்தது மண்ணரிப்பை. நான் நினைப்பது மனிதரை. இரண்டுக்கும் இடம் ஒன்றே.

லான்ட்மாஸ்டர் நிறுவனம் மறைந்தது; பெயர் மறையவில்லை. 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் ஜப்பானின் குபோட்டாவும் யன்மாரும் பெருகின. பிறகு சீனத் தயாரிப்புகள் வந்தன. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று எந்த நிறத்தில் வந்தாலும் ஊர் அவற்றை லான்ட்மாஸ்டர் என்றே அழைத்தது. நான்கு சில்லுப் பெரிய உழவு இயந்திரம் மட்டும் 'மெசின்' என்ற பொதுப்பெயரைப் பெற்றது. லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவி, முன்விளிம்பில் இருக்கை அமைத்ததும், உழவுக்கருவி வாகனமாயிற்று. நெல்மூட்டை, விறகு, மணல், கலியாண வீட்டுக் கதிரைகள், கர்ப்பிணிப் பெண்கள் என எல்லாம் அதில் ஏறின. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய் நோக்கி இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத முதியவர்கள் பலர் வந்துசேர்ந்தது இத்தகைய பெட்டிகளில்தான். சேற்றுச் சமதரைக்காகப் பிறந்த கருவி இவ்வாறு மேட்டுக்கும் இறக்கத்துக்கும் வந்தது. வந்தபோது அதன் குணத்தில் ஒன்றை எவரும் எழுத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்கு அதனைச் சொல்லிக்கொடுத்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த முதிய சாரதி ஒருவர். அந்த நான்கு வரிச் செய்தி அச்சேறிச் சில ஆண்டுகளுக்குப் பின், கிண்ணியாத் துறையில் பாதைக்காகக் காத்திருந்த ஒரு பகலில். பாலம் வந்தது 2009 இல்தான். 396 மீற்றர் நீளம், நாட்டிலேயே நீளமான பாலம் என்று திறந்துவைத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அங்கே காத்திருப்பது ஒரு தனி வாழ்க்கை. நெல்மூட்டைகள் ஏற்றிய லான்ட்மாஸ்டர் ஒன்று இறங்குதளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, அவர்ர கை எங்க இருக்கெண்டு பாருங்க."

பார்த்தேன். கைகள் கைப்பிடியில் இருந்தன. அதன் கீழுள்ள சிறு நெம்புகோல்களில் இல்லை.

"இறக்கத்துல அதத் தொடப்படா. தொட்டா எதிர்ப்பக்கம் திரும்பும்."

"எப்படி காக்கா அது?"

அவர் சிரித்தார். எப்படி என்பதைத் தரையில் ஒரு குச்சியால் கீறிக் காட்டினார். அந்தப் படத்தை நான் இப்போது சொற்களில் வரைகிறேன். இந்தக் கட்டுரை எழுதப்படுவதே இதற்காகத்தான். வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

இந்த இயந்திரத்துக்குத் திருப்பும் வளையம் கிடையாது. இரு சில்லுகளுக்கும் தனித்தனிக் கிளச் உண்டு. ஒவ்வொரு கைப்பிடியின் கீழும் ஒரு நெம்புகோல். இடது நெம்பை அழுத்தினால் இடது சில்லுக்குப் போகும் எஞ்சினின் தொடுப்பு அறுகிறது. சமதரையில் வலது சில்லு மட்டும் தள்ளுவதால் இயந்திரம் இடதுபக்கம் திரும்புகிறது. ஏற்றத்திலும் அப்படியே. வயலில் ஒரு நாளைக்கு நூறு தடவை இதனைச் செய்யும் கைக்கு இது மூச்சுவிடுவதைப் போலப் பழகிப்போகிறது.

இறக்கத்தில் எஞ்சினின் வேலை மாறிவிடுகிறது. அங்கே பின்னாலிருக்கும் சுமை இயந்திரத்தைத் தள்ளுகிறது. எஞ்சின் சில்லுகளைத் தன் மெதுவான சுழற்சியோடு கட்டிப்போட்டுப் பிரேக்காக நிற்கிறது. இந்த நிலையில் இடது நெம்பை அழுத்தினால் என்ன ஆகும்? இடது சில்லு பிரேக்கிலிருந்து விடுபட்டுச் சுதந்திரமாக உருள்கிறது. வலது சில்லை எஞ்சின் இன்னும் பிடித்துவைத்திருக்கிறது. விடுபட்ட பக்கம் முந்துகிறது. பிடிபட்ட பக்கம் பிந்துகிறது. இயந்திரம் வலதுபக்கம் திரும்புகிறது. இடதுபக்கம் போக நினைத்தவர் இடது நெம்பை இன்னும் இறுக்குகிறார். இயந்திரம் இன்னும் வலதுபக்கம் போகிறது. பதற்றத்தில் பிரதான கிளச்சையும் விடுவித்தால், இருந்த ஒரே பிரேக்கும் போய்விடுகிறது. பின்னால் பெட்டி நேராகத் தள்ள, முன்னால் இயந்திரம் குறுக்காக நிற்க, இரண்டும் பேனாக்கத்தி போல மடிகின்றன. நடுவில் இருக்கையில் மனிதர்.

எவ்வளவு பலத்தோடு தள்ளும்? மூட்டை ஒன்று 65 கிலோ என்று கொண்டால் 15 மூட்டைகள் ஏறத்தாழ ஒரு தொன். எட்டடிக்கு ஓரடி இறங்கும் தளத்தில் அந்த ஒரு தொன் சுமை, 125 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு முன்னோக்கித் தள்ளும். நான்கடிக்கு ஓரடி என்றால் 240 கிலோவுக்கு மேல். பெட்டியின் சொந்தப் பாரத்தை இதில் சேர்க்கவில்லை. முன்னால் நிற்கும் இயந்திரமோ சில நூறு கிலோ எடைதான். வறண்ட தளத்தில் சில்லுகள் இறுகப் பிடிக்கும். மழையில் நனைந்த களிமண்ணில், அல்லது பாதையின் ஈரமான இரும்புத் தளத்தில், பிடிமானமே இல்லை. இரும்புச் சில்லைக் கழற்றாமல் வந்திருந்தால் கதை வேறு.

பெரியவரின் விதிகள் அவருடைய தொழிலில் முப்பது ஆண்டுகளில் திரண்டவை. உச்சியிலேயே நின்று, கீழ்க் கியரைப் போட்டுக்கொண்டு இறங்கு. பாதி வழியில் கியரை மாற்றாதே, கிளச்சைத் தொடாதே. நெம்பைத் தொடாமல் கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்பு. கட்டாயம் தொட வேண்டுமானால் எதிர்ப்பக்கத்து நெம்பைத் தொடு. பெட்டிக்குப் பிரேக் மிதி இருந்தால் அதுதான் உன் உயிர். அறுவடை தொடங்குமுன் அதனைச் சரிபார். சரிவுக்குக் குறுக்காக ஓடாதே, நேரே ஏறு, நேரே இறங்கு. ஆட்களை இறக்கி நடக்கவிடு. கடைசி விதியை அவர் சொன்னபோது, பெட்டியின் மேல் மூட்டைகளுக்கு மேலே நான்கு பேர் அமர்ந்தபடி அந்த லான்ட்மாஸ்டர் பாதையில் ஏறிக்கொண்டிருந்ததையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

எஞ்சினுக்கும் சரிவு பிடிக்காது. நமது வயல்களில் ஓடியவற்றுள் பல ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள். சிறிய எஞ்சின்களில் எண்ணெயை உள்ளே பரப்புவதற்குப் பெரும்பாலும் பம்பி கிடையாது. சுழலும் தண்டோடு சேர்ந்த ஒரு சிறு கரண்டி அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைச் சிதறடிக்கும், அவ்வளவுதான். சமதரையில் இது போதும். எஞ்சின் நீண்டநேரம் சாய்ந்து நின்று ஓடினால் எண்ணெய் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். கரண்டி காற்றை அள்ளும். தாங்கிகள் காய்ந்து இறுகும். பம்பி உள்ள எஞ்சினிலும் உறிஞ்சும் வாய் எண்ணெய்க்கு வெளியே வந்துவிட்டால் அதே கதிதான். எண்ணெய் சிலிண்டர்ப் பக்கம் ஒதுங்கினால் வேறு தொல்லை. கிடையாகப் படுத்திருக்கும் சிலிண்டருக்குள் அது கசிந்து எரியத் தொடங்கும், நீலப்புகை வரும். டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு வெறிபிடித்து ஓடுவதும் உண்டு. அப்போது டீசலை நிறுத்தும் கைப்பிடியை இழுத்துப் பயனில்லை. காற்று உட்புகும் வாயை அடைத்தால்தான் அடங்கும். மூடாத நீர்த்தொட்டியால் குளிரூட்டப்படும் எஞ்சின்களில், சரிவில் தண்ணீர் தளம்பி வெளியே கொட்டும். மேட்டில் ஏறி முடிக்கும்போது தொட்டியில் பாதிதான் மிஞ்சியிருக்கும். சரிவில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது இன்றும் நான் காணும் வழக்கம்.

நான்கு சில்லு மெசினுக்கும் தன் வரலாறு உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1917 இல் அமெரிக்காவில் போர்ட்சன் உழவு இயந்திரம் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. பின்னால் இழுக்கும் கலப்பை கல்லில் மாட்டினால் முன்பக்கம் மேலெழுந்து சாரதியின்மேல் மல்லாக்க விழும் என்பது அதன் பெயரோடு ஒட்டிய பழி. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன் கலப்பையை இயந்திரத்தோடு மூன்று புள்ளிகளில் இணைக்கும் அமைப்பை உருவாக்கியபோது இந்த ஆபத்தையும் மனத்திற்கொண்டே உருவாக்கினார். நம்மூர் வயல்களில் நாம் கண்ட மெஸி பேர்குசன்கள் அந்த மரபில் வந்தவை. ஆனால் மூன்று புள்ளி இணைப்பு கலப்பைக்குத்தான் காவல். உயரமான இடத்தில் சங்கிலி கட்டி மரத்தை இழுத்தாலோ, சேற்றில் புதைந்த பின்சில்லு கட்டின் மேட்டில் இறுகி நிற்க முறுக்கிக் கொடுத்தாலோ, முன்பக்கம் எழும்பும். ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் திரும்ப இயலாத கோணத்தைக் கடந்துவிடும். செங்குத்தான மேட்டில் பின்பக்கமாக ஏற வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்வது இதனால்தான். இன்னொன்று: இந்த மெசின்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் மிதிகள். வயலில் முடுக்கித் திருப்ப அது வசதி. தெருவில் இரண்டையும் பூட்டி இணைக்க ஒரு சிறு தாழ்ப்பாள் உண்டு. அதனைப் போட மறந்து இறக்கத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தவர் பக்கவாட்டில் கவிழ்வார். சுவீடன் 1959 இலேயே புதிய உழவு இயந்திரங்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் வீழ்ந்தது. பிரித்தானியா 1970 இல் புதிய இயந்திரங்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. நமது வயல்களில் நான் கண்ட பழைய மெசின்களில் சாரதியின் தலைக்கு மேலே வெயிலுக்குக் கட்டிய சாக்கு மட்டுமே இருந்தது. லான்ட்மாஸ்டருக்கோ அப்படிப்பட்ட சட்டகமே பொருந்தாது. அதில் அறிவைத் தவிர வேறு காவல் இல்லை.

அந்த அறிவு எந்த மொழியில் இருந்தது என்பதுதான் என் உறுத்தல். இயந்திரத்தோடு வந்த கைநூல்கள் முதலில் ஆங்கிலத்தில். பிறகு ஜப்பானியரின் ஆங்கிலத்தில். அதன்பின் சீனரின் ஆங்கிலத்தில். இறக்கத்தில் நெம்புகோல் மாறி வேலைசெய்யும் என்ற எச்சரிக்கை அவற்றுள் சிலவற்றில் ஒரு வரியாக இருக்கத்தான் செய்தது. பின்னாளில் தேடி எடுத்துப் பார்த்தேன். வாங்கியவர் அதனை ஞாபகப் பொருளாகப் பெட்டகத்தில் வைத்தார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உதவி நிறுவனங்கள் வழங்கிய புத்தம்புதிய இயந்திரங்களைக் கையளிக்கும் விழாக்கள் சிலவற்றுக்குச் செய்தியாளனாகப் போயிருக்கிறேன். நாடா வெட்டினார்கள், மாலை போட்டார்கள், சாவியைக் கொடுத்தார்கள். எந்த விழாவிலும் எவரும் ஒரு மேட்டில் ஏறி இறங்கிக் காட்டவில்லை. மேடையில் இருந்தவர்களின் பெயர்களை ஒழுங்கு பிசகாமல் எழுதுவதில் நானும் கவனமாக இருந்தேன்.

பழைய தலைமுறையில் இந்த அறிவு வாய்வழியாக ஓடியது. மகன் தகப்பனோடு ஒரு போகம் பின்னால் நடந்து, அடுத்த போகம் கைப்பிடியைத் தொட்டு, மூன்றாம் போகத்தில்தான் பெட்டியோடு தெருவுக்கு வந்தான். போர் அந்தத் தொடர்ச்சியை அறுத்தது. தகப்பன் ஓரிடத்திலும் மகன் ஓரிடத்திலும் முகாம்களில் இருந்தார்கள். வயல்கள் காடாகக் கிடந்தன. திரும்பி வந்தபோது இயந்திரம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. போர்க்காலத்தில் டீசல் அருந்தல் வேறு. இறக்கம் வந்ததும் கியரை விடுவித்து உருட்டிச் சிக்கனம் பிடிக்கும் பழக்கம் அப்போதுதான் ஊன்றியது என்று அந்தப் பெரியவர் சொன்னார். 2022 பொருளாதார நெருக்கடியில் அதை என் கண்ணாலேயே கண்டேன். சீனன்குடாவின் குன்றுகளில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் மாவட்டத்தில், சில லீற்றர் டீசலுக்கு விவசாயிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கிடைத்த டீசலில் ஒரு துளி மிச்சம் பிடிக்க, நெல் ஏற்றிய பெட்டியோடு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கட்டிலிருந்து உருண்டு இறங்கிய ஓர் இளைஞனை நிறுத்தித் திட்டினேன். "ஐயா, நீங்க டீசல் வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அறுவடைக்கு இப்போது பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டன, துறைகள் பாலங்களாகிவிட்டன. லான்ட்மாஸ்டர் பழையபடி எங்கும் இல்லை. ஆனாலும் சிறுவயல்காரர், மணல் ஏற்றுவோர், விறகுக்குப் போவோர் கையில் அது இன்னமும் ஓடுகிறது. குளக்கட்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

கத்தரிப்பைக் கண்டெடுத்தபின் அந்த ஊருக்கு ஒருமுறை போய்வந்தேன். அன்று பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்களுள் ஒருவரைச் சந்திக்க முடிந்தது. இப்போது பேரப்பிள்ளைகள் காணும் வயது அவருக்கு. வாசலில் கதிரை போட்டு, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னிடம் இதை எவரும் அன்று கேட்கவில்லை என்றார். நான்தான் கேட்டிருக்க வேண்டியவன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியைத் திரும்ப எழுதினேன்.

குளக்கட்டிலிருந்து 14 நெல்மூட்டைகளுடன் இறங்கிய இரு சக்கர உழவு இயந்திரம் கவிழ்ந்ததில் அதனைச் செலுத்திய இளைஞர் உயிரிழந்தார். இறக்கத்தின் நடுவில் எதிரே வந்த மாட்டுக்கு வழிவிட இடதுபக்கம் திரும்புவதற்காக அவர் இடது நெம்பை அழுத்தியபோது, இயந்திரம் வலதுபக்கம் திரும்பிக் கட்டின் விளிம்பைக் கடந்தது. பெட்டியில் பிரேக் இருக்கவில்லை. வயலில் இரு வாரங்கள் உழுது பழகியிருந்த அவர், சுமையோடு மேட்டிலிருந்து இறங்கியது அதுவே முதல் தடவை. இறக்கத்தில் நெம்புகோல் மாறி வேலைசெய்யும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை என உடன் சென்றவர்கள் தெரிவித்தனர்.